கூழைக்கடாச் சிலைக்கு அடியில் ஒரு பெயர்

போன இதழில் திருச்சி வாசகி ஒருவரின் கேள்வியை மட்டும் வெளியிட்டு, இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது, அடுத்த இதழில் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் அதையொட்டியே இன்னும் சில கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை. 22 வயதில், பிறந்த ஊரிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், ஒரு கால்வாய்க் கரையில் செத்துப்போன பையனுக்கு இந்தப் பகுதி முழுவதையும் கொடுக்கலாம், தப்பில்லை.

கேள்வி: நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். பக்கத்தில் பெஸ்ட் என்று ஓர் ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனபோது ஒரு தூணும், அதன் உச்சியில் கூழைக்கடா தன் நெஞ்சைத் தானே கொத்திக் குஞ்சுகளுக்குக் கொடுப்பது போல ஒரு சிலையும் பார்த்தேன். ஜோ மான் என்ற அமெரிக்கப் பாராசூட் வீரருக்கான நினைவுச்சின்னம் என்று மகன் சொன்னான், அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை. யார் அவர்? அமெரிக்கச் சிப்பாய்க்கு டச்சுக்காரர்கள் ஏன் பறவைச் சிலை வைத்தார்கள்? (வாசகி, திருச்சி)

அம்மா, அந்தத் தூணைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல், யார் இவர் என்று கேட்டு எழுதவும் செய்தீர்களே, முதலில் அதற்கு நன்றி.

ஜோ யூஜின் மான், 1922 ஜூலை 8ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரியர்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். வாஷிங்டன் என்றதும் வெள்ளை மாளிகை இருக்கும் தலைநகரை நினைத்துவிட வேண்டாம், இது நாட்டின் எதிர்க்கோடியில், பசிபிக் கடல் பக்கம் இருக்கும் மாநிலம். ரியர்டன், ஸ்போகேன் நகரத்துக்கு மேற்கே கோதுமை விளையும் பூமி. அவருக்கு ஏழு வயது ஆனபோது 1929இன் பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது, ஆக அவருடைய பள்ளிக்கூடக் காலம் முழுக்க அந்த மந்தத்தில்தான் போயிருக்கிறது. 19 வயதில் பேர்ல் ஹார்பர் தாக்குதல், அதோடு அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. 1942இல் ராணுவத்தில் சேர்ந்தார், பாராசூட் படைக்குப் போனார். 101ஆவது வான்வழிப் படைப்பிரிவு, அதில் 502ஆவது பாராசூட் ரெஜிமென்ட், அதில் மூன்றாவது பட்டாலியன், அதில் ஹெச் கம்பெனி. பதவி 'பிரைவேட் ஃபர்ஸ்ட் கிளாஸ்', சாதாரணச் சிப்பாய்க்கு ஒரே ஒரு படி மேல், அவ்வளவுதான். யாருக்கும் கட்டளை போடும் இடத்தில் இருந்தவர் இல்லை.

1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டப்பகலில், இங்கிலாந்திலிருந்து வந்த விமானங்கள் ஐந்தோவனுக்கு வடக்கே வயல்வெளிகளில் 101ஆவது பிரிவின் ஆட்களை இறக்கின. 'மார்க்கெட் கார்டன்' என்று பெயர் வைத்த பெரிய திட்டம் அது. பெல்ஜியம் எல்லையிலிருந்து ரைன் நதிக் கரையில் இருக்கும் ஆர்னம் வரை ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு சாலை. வழியில் ஆறுகள், கால்வாய்கள். அவற்றின் மேல் இருக்கும் பாலங்களை எல்லாம் வானத்திலிருந்து குதிக்கும் ஆட்கள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், பின்னாலேயே பிரிட்டிஷ் டாங்கிகள் அந்தச் சாலையில் ஓடி வந்துவிடும் என்பது கணக்கு. ஐந்தோவனை அடுத்து வில்ஹெல்மினா கால்வாய் குறுக்கே வருகிறது. அதைத் தாண்ட முக்கியமான பாலம் சோன் என்ற ஊரில் இருந்தது. அதை ஜெர்மானியர் தகர்த்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்த 101ஆவது பிரிவின் தளபதி மேக்ஸ்வெல் டெய்லர், மேற்கே பெஸ்ட் ஊருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பாலத்தையும் பிடித்து வைக்கச் சொல்லி ஒரு கம்பெனியை அனுப்பினார். அந்தக் கம்பெனிதான் ஹெச்.

அங்கே ஜெர்மானியர் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள் என்று நினைத்தார்கள். நினைத்தது தப்பு. சண்டை வலுத்து, கம்பெனி போதாமல் பட்டாலியன் போய், பட்டாலியனும் போதாமல் மறுநாள் இன்னொரு பட்டாலியனும் போக வேண்டி வந்தது. இதற்கு நடுவே கம்பெனிக்குள் ஒரு சின்னப் பிரிவான, லெப்டினன்ட் எட்வர்ட் வியர்ஸ்பவுஸ்கியின் பிளட்டூன் மட்டும் இருட்டில் காட்டைக் கடந்து கால்வாய்க் கரை வரைக்கும் போய்ச் சேர்ந்து, பாலத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டது. மழை வேறு. ஆட்கள் மிகவும் குறைந்து போயிருந்தார்கள், சுற்றிலும் எதிரி. பின்னால் இருந்த ரெஜிமென்ட்டுக்கு இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது.

18ஆம் தேதி முற்பகலில் அவர்கள் கண் முன்னாலேயே ஜெர்மானியர் அந்தப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

ஆனால் பின்வாங்க வழி இல்லை. முன்னால் ஊர்ந்து போய் வேவு பார்க்கும் வேலை ஜோ மானுடையது. 88 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று இருந்த இடத்துக்கு பசூக்கா எட்டும் தூரம் வரை ஊர்ந்து போய், பீரங்கியையும் பக்கத்தில் இருந்த வெடிமருந்துக் குவியலையும் அழித்தார். பசூக்கா என்றால் தோளில் வைத்து ராக்கெட் சுடும் குழாய், அதன் வீச்சு ரொம்பக் குறைவு, எதிரியின் முகம் தெரிகிற அளவுக்கு நெருங்கினால்தான் பிரயோஜனம். அப்புறமும் மறைவுக்குத் திரும்பாமல் அதே இடத்தில் இருந்து துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தார். நான்கு தடவை காயம் பட்டது. இழுத்துக்கொண்டு வந்து கட்டுப் போட்டார்கள், இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்து.

இந்த நிலையில் ஒருவரைப் பின்னால் படுக்க வைப்பதுதான் வழக்கம். அவர் கேட்கவில்லை. முன்னால் இருக்கும் பள்ளத்தில் நானும் காவல் இருக்கிறேன் என்று பிடிவாதமாகப் போய் உட்கார்ந்தார். துப்பாக்கியைத் தூக்க முடியாதவர் எதைக் காவல் காக்க முடியும்? கண்ணும் வாயும் இருந்தன. யாராவது வந்தால் பார்க்கலாம், கத்தலாம். அந்த இரவு அப்படிப் போனது.

19ஆம் தேதி காலையில் ஜெர்மானியர் சில கெஜ தூரம் வரைக்கும் வந்துவிட்டு, கையெறி குண்டுகளை வீசினார்கள். இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு ஒரு குண்டில் முகமெல்லாம் காயமாகிக் கண் தெரியாமல் போனது, அந்த நிலையிலும் பள்ளத்துக்குள் விழுந்த இன்னொரு குண்டைத் தடவித் தேடி எடுத்து வெளியே எறிந்தார். அடுத்தது ஜோ மானுக்குப் பக்கத்தில் விழுந்தது. எடுத்து எறிய அவருக்குக் கை இல்லை. "கிரனேட்" என்று கத்திவிட்டு அதன் மேல் தன் உடம்பைச் சாய்த்தார். வெடித்தது. உடன் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

பாராசூட்டில் வந்து தரையைத் தொட்டு முழுசாக இரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

இனி பறவைக்கு வருகிறேன். கூழைக்கடா தன் நெஞ்சைக் கிழித்து ரத்தத்தைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. நிஜத்தில் அது அலகை நெஞ்சில் அழுத்திப் பையில் இருக்கும் மீனை வெளியே தள்ளும், தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும். கிறிஸ்தவர்கள் அதை இயேசுவின் தியாகத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள், தேவாலயங்களில் செதுக்கி வைத்தார்கள். பெஸ்ட் இருக்கும் பிரபாந்த் பகுதி கத்தோலிக்கர் நிறைந்த பகுதி. அந்த ஊர்க்காரர்கள் 1956இல் இவருக்கு நினைவுச்சின்னம் வைத்தபோது துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய் சிலை வைக்கவில்லை, இந்தப் பறவையை வைத்தார்கள். கை கட்டப்பட்டு, உடம்பை மட்டுமே வைத்து மற்றவர்களைக் காப்பாற்றிய ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமாக எதை வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: பாராசூட் வீரர் ஆவதற்கு அந்தக் காலத்தில் என்ன பயிற்சி கொடுத்தார்கள்? குதித்த பிறகு கயிற்றை எப்போது இழுப்பார்கள்? (கல்லூரி மாணவர், சேலம்)

இழுக்கவே மாட்டார்கள் தம்பி. படங்களில் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான் இது. போர்க்களத்தில் 500, 600 அடி உயரத்தில் இருந்து குதிப்பவருக்குத் தானே யோசித்து இழுக்க நேரம் கிடையாது. விமானத்துக்குள் தலைக்கு மேலே நீளமாக ஒரு கம்பி ஓடும். ஒவ்வொருவரின் முதுகில் இருக்கும் பாராசூட் பையில் இருந்தும் 15 அடி நீளப் பட்டை ஒன்று வரும், அதன் நுனியில் ஒரு கொக்கி. "எழுந்திரு, கொக்கியை மாட்டு" என்று கட்டளை வந்ததும் கம்பியில் மாட்டிவிட வேண்டும். அப்புறம் முன்னால் நிற்பவரின் முதுகுப் பையை நீங்கள் பார்க்க வேண்டும், உங்கள் முதுகைப் பின்னால் நிற்பவர் பார்ப்பார். உன் முதுகு உனக்குத் தெரியாது, அடுத்தவன் கண்ணைத்தான் நம்ப வேண்டும். கதவுப் பக்கம் சிவப்பு விளக்கு, பிறகு பச்சை. குதித்ததும் அந்தப் பட்டை இறுகி, பையைப் பிய்த்து, பாராசூட்டை வெளியே இழுத்துவிடும். "ஆயிரம், இரண்டாயிரம், மூன்றாயிரம்" என்று எண்ண வேண்டும். அதற்குள் தோளைப் பிடித்து உலுக்குவது போல ஓர் இழுப்பு வந்தால் சரி. வராவிட்டால் மார்பில் கட்டியிருக்கும் சின்ன பாராசூட்டின் பிடியை இழுக்க வேண்டும், அது ஒன்றுதான் கையால் இழுப்பது. தரையைத் தொட அரை நிமிடம் ஆகும்.

பயிற்சி ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்ட் பென்னிங் என்ற முகாமில் நடந்தது. ஓட்டம், தண்டால், கோபுரத்தில் இருந்து குதிப்பது, அப்புறம் விமானத்தில் இருந்து ஐந்து முறை. ஐந்தாவது குதிப்பு முடிந்தால் மார்பில் வெள்ளி இறக்கைச் சின்னம். இதில் எனக்கு மறக்காத விஷயம், பயிற்சியில் அவரவர் பாராசூட்டை அவரவரே மடிக்க வேண்டும். நீளமான மேஜையில் துணியை விரித்து, ஒவ்வொரு மடிப்பாகத் தட்டி, இருபத்தெட்டுக் கயிறுகளும் சிக்காமல் அடுக்கி, பையில் வைத்துக் கட்டி, மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டும். தான் செய்த வேலையைத் தன் உயிரை வைத்தே சோதித்துப் பார்ப்பது.

யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை, எல்லோரும் தாங்களே முன்வந்தவர்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அப்போது மாதம் 50 டாலர் சம்பளம், பாராசூட் படை என்றால் மேலும் 50. மந்தத்தில் வளர்ந்த பையன்களுக்கு அது சின்னத் தொகை இல்லை, வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் பணத்துக்காக மட்டும் விமானக் கதவில் போய் நிற்க முடியாது. பக்கத்தில் சண்டை போடுபவன் பாதியில் ஓடிவிடாத ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே சேர்ந்தோம் என்று அந்தப் படையில் இருந்து திரும்பிய பலரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: மார்க்கெட் கார்டன் தோற்றுப்போன திட்டம் என்று படித்திருக்கிறேன். தளபதிகளின் தப்புக் கணக்குக்காக இறந்த இளைஞர்களின் உயிர் வீண்தானே? வீரம் என்று புகழ்வது அந்தத் தப்பை மூடி மறைப்பது ஆகாதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ஐயா, கேள்வி நியாயமானது, நான் மழுப்பப் போவதில்லை. திட்டம் தோற்றது உண்மை. மொத்தம் சுமார் 35,000 பேர் பாராசூட்டிலும், கிளைடர் என்ற இன்ஜின் இல்லாத விமானத்திலும் இறக்கப்பட்டார்கள். கடைசிப் பாலம் இருந்த ஆர்னம் பகுதிக்குப் போனவர்கள் சுமார் 10,000 பேர், அவர்களில் ரைன் நதியைக் கடந்து தப்பி வந்தவர்கள் 2,400 பேர் அளவில்தான். ஒரே ஒரு சாலையை நம்பி இவ்வளவு பேரை அனுப்பியது தப்பு, ஜெர்மானியர் சிதறிவிட்டார்கள் என்று நினைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

பெஸ்ட் விஷயத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சோன் பாலத்தை ஜெர்மானியர் முதல் நாளே தகர்த்துவிட்டார்கள், டெய்லர் பயந்தபடியே. ஆனால் பிரிட்டிஷ் பொறியாளர்கள் 18ஆம் தேதி இரவு முழுக்க வேலை செய்து அங்கே இரும்புச் சட்டங்களைக் கோத்துத் தற்காலிகப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். 19ஆம் தேதி காலை ஏழு மணிக்கு முன்பே டாங்கிகள் அதில் ஏறிப் போக ஆரம்பித்துவிட்டன. ஜோ மான் இறந்தது அதே நாள் காலை, அதே கால்வாயின் கரையில், சில கிலோமீட்டர் மேற்கே. அவருடைய பிளட்டூன் பிடிக்க வந்த பாலம் முந்தின நாளே இல்லாமல் போய்விட்டது. டாங்கிகளுக்கு வழியும் வேறு இடத்தில் கிடைத்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது.

அப்படியென்றால் வீணா? பாலத்துக்காக என்று கணக்குப் பார்த்தால் ஆமாம், வீண்தான். ஆனால் குண்டு வந்து விழுந்த நேரத்தில் அவர் பாலத்தைக் காப்பாற்றவில்லை ஐயா. இரவெல்லாம் மழை ஈரத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களைக் காப்பாற்றினார். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தது வீண் என்று அவர்கள் வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா? தளபதிகள் செய்த தப்பு தப்பாகவே இருக்கட்டும், அதைத் தயங்காமல் எழுதுவோம். இந்தப் பையன் செய்ததை அந்தத் தப்பின் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பேச்சில் ஒரு பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நினைவுச்சின்னம் வைத்தால் போதும், ஏன் செத்தான் என்று கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடக் கூடாது. பெஸ்ட் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் தேதி பிரிட்டிஷ் டாங்கிகளின் துணையோடு அமெரிக்கர்கள் அந்தச் சண்டையில் ஜெயித்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் கைதானார்கள், ஆனாலும் ஊருக்கு விடுதலை அக்டோபரில்தான் கிடைத்தது. முதலில் வந்தவர்கள் தங்களை விடுவிக்கவில்லை என்று தெரிந்தும் அந்த மக்கள் அவரை மறக்கவில்லை.

கேள்வி: ஜோ மானுக்கு என்ன விருது கொடுத்தார்கள்? (வாசகர், ஈரோடு)

அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர், 1945இல், இறந்த பிறகு. இதில் யாரும் அதிகம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் 101ஆவது பிரிவு முழுவதிலும் இந்த விருது பெற்றவர்கள் இரண்டே பேர், இருவரும் ஒரே பட்டாலியன், இருவரும் ஒரு நாள் இடைவெளியில் இதே பெஸ்ட் சண்டையில் இறந்தவர்கள். இன்னொருவர் அந்தப் பட்டாலியனின் தளபதி, லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் கோல். ஜூன் மாதம் பிரான்ஸின் நார்மண்டியில் கரோந்தான் ஊர் அருகே துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டிக்கொண்டு முன்னால் ஓடித் தாக்குதலை நடத்தியதற்காக அவருக்கு விருது. அது அறிவிக்கப்படும் முன்பே, செப்டம்பர் 18 அன்று, தங்கள் விமானங்கள் தங்களையே சுட்டுவிடாமல் இருக்க ஆரஞ்சு நிற அடையாளத் துணிகளை விரிக்க வெளியே வந்தபோது மறைந்திருந்த ஜெர்மானியர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். வயது 29. இரண்டு பேருமே அந்தப் பதக்கத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

கேள்வி: குண்டு விழுந்ததும் அதன் மேல் பாய்வது யோசித்துச் செய்வதா, தன்னை அறியாமல் நடப்பதா? (வாசகி, தஞ்சாவூர்)

ஜெர்மானியர் அப்போது அதிகம் பயன்படுத்தியது மரக் கைப்பிடி வைத்த குண்டு. கைப்பிடிக்குள் இருக்கும் நூலை இழுத்தால் நான்கரை விநாடியில் வெடிக்கும். அதில் எறிபவர் கையில் கொஞ்சம், காற்றில் கொஞ்சம் போய்விடும். தரையில் விழுந்த பிறகு மிஞ்சுவது இரண்டு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு விநாடிக்குள் அவர் வாயைத் திறந்து மற்றவர்களை எச்சரித்திருக்கிறார், அதற்குப் பிறகுதான் சாய்ந்திருக்கிறார். தன்னை அறியாமல் நடந்தது என்றால் உடம்பு விலகி ஓடத்தான் பார்க்கும். என்னைக் கேட்டால் முடிவு அந்தக் காலையில் எடுத்ததே இல்லை, முந்தின நாள் கட்டுப் போட்ட கையோடு முன் பள்ளத்துக்குப் போய் உட்கார்ந்தாரே, அப்போதே எடுத்தாகிவிட்டது.

கேள்வி: அந்தக் காலத்தில் மகன் இறந்த செய்தி பெற்றோருக்கு எப்படிப் போனது? உடலை அனுப்பினார்களா? (வாசகி, மதுரை)

தந்தி. போர்த் துறைச் செயலாளர் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கச் சொன்னார் என்று தொடங்கும் அச்சு வாசகம், நடுவில் பெயரும் தேதியும் மட்டும் மாறும். அந்த நாளில் ராணுவத்தில் பிள்ளை இருக்கும் அமெரிக்க வீடுகளில் ஜன்னலில் சின்னக் கொடி ஒன்றைத் தொங்கவிடுவார்கள், பிள்ளைக்கு ஒரு நீல நட்சத்திரம். இறந்தால் நீலத்தின் மேல் தங்க நிற நட்சத்திரத்தை வைத்துத் தைப்பார்கள். தெருவில் போகிற எவருக்கும் ஜன்னலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த நட்சத்திரத்தைப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் தைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மேலே எழுத ஓடவில்லை.

அப்புறம் பொருள்கள். இறந்தவரின் பையில் இருந்தவை எல்லாம் கப்பலேறி மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் ஒரு பெரிய கிடங்குக்கு வரும். இறந்த சிப்பாய்களின் உடைமைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ராணுவம் அங்கே ஓர் அலுவலகம் வைத்திருந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பட்டியல் போடுவார்கள்: கைக்கடிகாரம் ஒன்று, பேனா ஒன்று, பர்ஸ் ஒன்று, கடிதங்கள் ஒரு கட்டு. துணியில் இருக்கும் ரத்தக் கறையைத் துவைத்துப் போக்குவார்கள், உலோகத்தில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பார்கள், வீட்டார் பார்த்தால் மனம் உடையும் என்று தோன்றுவதை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் பெட்டி வீட்டுக்குப் போகும். பல மாதம் ஆகும்.

உடல் அந்த நேரத்தில் வராது. சண்டை நடந்த நாட்டிலேயே தற்காலிகமாகப் புதைத்துவிடுவார்கள். போர் முடிந்த பிறகு அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதிக் கேட்டது: அங்கேயே நிரந்தர ராணுவக் கல்லறையில் வைக்கலாமா, இல்லை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமா? பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஊருக்கே கேட்டன. ஜோ மானும் திரும்பி வந்தார், அவர் கல்லறை ஸ்போகேனில் இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கென்று அந்த நகரத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அவருடைய பெயரையும், வியட்நாம் போரில் இறந்த புரூஸ் கிராண்ட்ஸ்டாஃப் பெயரையும் சேர்த்து மான்-கிராண்ட்ஸ்டாஃப் என்று வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நெதர்லாந்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் கல்லறைகளை உள்ளூர்க் குடும்பங்கள் தத்து எடுத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், புதுச்சேரி)

உண்மை. மார்கிராட்டன் என்ற ஊரில் சுமார் 8,300 கல்லறைகள். ராபர்ட் கோலும் அங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு டச்சுக் குடும்பம் பொறுப்பு, பூ வைப்பார்கள், பிறந்த நாளைக்குப் போவார்கள், அமெரிக்காவில் இருக்கும் உறவினரைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதுவார்கள். தாத்தா பாட்டி பார்த்த கல்லறையைப் பேரப்பிள்ளைகள் தொடர்ந்து பார்க்கும் குடும்பங்கள் உண்டு. காலியாக ஒன்றும் இல்லை, கேட்டுக் காத்திருப்பவர்களுக்கே பட்டியல் இருக்கிறது.

கேள்வி: இப்படி இறந்த ஒரு சாதாரண அமெரிக்கச் சிப்பாயின் வாழ்க்கையை ஆராய நினைத்தால் எங்கே தேடுவது? (ஆய்வு மாணவி, சென்னை)

முதலில் ஓர் இடைஞ்சலைச் சொல்லிவிடுகிறேன். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் பெரிய தீ. 1912 முதல் 1960 தொடக்கம் வரையிலான தரைப்படை ஆவணங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விட்டது. நகல் எடுத்து வைக்கவில்லை. அதனால் சேவைக் கோப்பைத் தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருவீர்கள். ஆனால் இறந்தவர்களுக்கென்று தனியாக ஒரு கோப்பு உண்டு, அவை அந்தத் தீயில் போகவில்லை. எங்கே கிடந்தார், எப்படி அடையாளம் கண்டார்கள், முதலில் எந்த வரிசையில் புதைத்தார்கள், பையில் என்னென்ன இருந்தன, எல்லாம் அதில் இருக்கும். பெற்றோர் ராணுவத்துக்கு எழுதிய கடிதங்களும் சில சமயம் இருக்கும். அவற்றைப் படிக்கும்போது நிதானமாகப் படியுங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பெனியும் தினமும் காலையில் எழுதிய வருகைக் குறிப்பு, யார் காயம், யார் காணோம், யார் திரும்பினார் என்று ஒவ்வொரு வரியில். ஊர்ப் பத்திரிகையின் பழைய இதழ்களையும் விடாதீர்கள், சின்ன ஊர்களில் ராணுவத்துக்குப் போன பையன்களைப் பற்றி வாராவாரம் எழுதுவார்கள்.

கேள்வி: பாராசூட் துணியில் கல்யாண உடை தைத்தார்களாமே? (வாசகி, வேலூர்)

ஆமாம். போருக்கு முன் பட்டு, ஜப்பானிலிருந்து பட்டு வருவது நின்ற பிறகு நைலான். நெதர்லாந்தில் நான்கு வருட ஆக்கிரமிப்பில் கடைகளில் துணியே கிடையாது. வயலில் கிடந்த பாராசூட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய் மணப்பெண்ணுக்கும், முதல் நற்கருணை வாங்கும் சிறுமிகளுக்கும் உடை தைத்தார்கள். அப்படிப்பட்ட உடைகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கேள்வி: அடுத்த வருஷம் மறுபடியும் மகன் வீட்டுக்குப் போகிறேன். அந்தத் தூணுக்குப் பூ வைக்கலாமா? வேறு என்ன பார்க்க வேண்டும்? (அதே திருச்சி வாசகி)

தாராளமாக வையுங்கள் அம்மா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முடிந்தால் செப்டம்பர் நடுவில் போகிற மாதிரி டிக்கெட் போடச் சொல்லுங்கள், 17ஆம் தேதியை ஒட்டி அந்தப் பகுதி ஊர்களில் நினைவு நிகழ்ச்சிகள் நடக்கும், பழைய ராணுவ ஜீப்புகளை எல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள்.

அப்புறம் தூணோடு திரும்பிவிடாமல் கால்வாய்க்கும் போங்கள். நம் ஊரில் செருப்புக் கடைப் பெயராகத் தெரியுமே பாட்டா, அந்தக் கம்பெனி 1930களில் கட்டிய தொழிற்சாலைக் குடியிருப்பு ஒன்று பெஸ்ட்டில் இதே கால்வாயை ஒட்டித்தான் இருக்கிறது, வழி கேட்க அது உதவும். கரையோடு சைக்கிள் பாதை போகிறது, தண்ணீரில் சரக்குப் படகுகள் மெதுவாகப் போகும். கிழக்குப் பக்கம் பார்த்து நின்றால் சோன் அந்தத் திசை. பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பறவை ஏன் தன்னையே கொத்திக்கொள்கிறது என்று போன தடவை அவன் கேட்டிருப்பான், இந்தத் தடவை நீங்களே சொல்லலாம்.